மன்னார்ப் பரவைக்கடலும் துடுப்புப் படகும்

பாக்குக் குடாவில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வித்தியாசம் பறுவம், அமாவாசை நாட்களில்கூட ஏறத்தாழ இரண்டு அடிதான். கனடாவின் பண்டி வளைகுடாவில் கடல் நாற்பது அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. அதன் பக்கத்தில் இது ஒரு கணக்கே அல்ல. ஆனால் மன்னாரின் கீழ்க்கரையும் வடகரையும் ஏறக்குறையத் தட்டையானவை. ஆயிரம் மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற சரிவில் இரண்டடி நீர் வடிந்தாலே அறுநூறு மீற்றர் சேறு வெளியே தெரியும். காலையில் வள்ளம் ஓடிய இடத்தில் மத்தியானம் கொக்கு நடக்கிறது. மன்னார்க் கடற்றொழிலைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக ஆழ்கடலையும் எல்லை தாண்டும் றோலர்களையும் பற்றியே பேசுகிறோம். முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடைப்பட்ட நீரில் நடக்கும் தொழிலைப் பற்றிப் பேச்சு குறைவு. இயந்திரம் வாங்க முடியாதவர்கள், மண்ணெண்ணெய்க்குக் காசில்லாத நாளில் தொழிலுக்குப் போகிறவர்கள், முதுமையால் பெருங்கடலை விட்டவர்கள் ஆகியோரின் கடல் அதுதான்.

வெளிநாடுகளில் இதே வகை நீருக்கென்று கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஒரு தனி மீன்பிடி முறையாகவே வளர்ந்துவிட்டது. அமெரிக்காவின் தென்கரைச் சதுப்புகளில் ஆயிரக்கணக்கானோர் அதில் மீன் பிடிக்கிறார்கள். அது மன்னாருக்குப் பொருந்துமா என்று கேட்பது சுலபம். ஆனால் படகு பொருந்துமா என்பதைவிட, அந்தப் படகு ஓடுவதற்கான ஆழமற்ற நீர் யார் கையில் இருக்கப்போகிறது என்பதே பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன். படகின் கதையைப் பார்த்துக்கொண்டே அங்கே போவோம்.

முதலில் இடம். மன்னார்த் தீவு ஏறக்குறைய 130 சதுர கிலோமீற்றர். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக்குக் குடா. தென்கரையான தாழ்வுபாடு, சவுத்பார் பக்கம் கடல் ஓரளவு சீக்கிரம் ஆழமாகிவிடும். ஆழமற்ற பரவைக்கடல் என்று சொல்லத்தக்கது தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையிலும், அங்கிருந்து வடக்கே விடத்தல்தீவு, தேவன்பிட்டிக் கரை நெடுகவும் கிடக்கிறது. நாட்டின் இரண்டாவது நீளமான ஆறான அருவியாறு அரிப்புப் பக்கம் கடலில் கலக்கிறது. பறங்கியாறும் பாலியாறும் வடக்கே சேர்கின்றன. ஆற்று வண்டல், உப்புத் தரவை, உமரிப் புதர், கண்ணாக் காடு, அதற்கு அப்பால் சாதாளை என்ற கடற்புல் படுகை என்று ஒன்றன்பின் ஒன்றாக நிலம் கடலாக மாறுகிறது. எங்கே கரை முடிந்து கடல் தொடங்குகிறது என்று கோடு போடுவது நில அளவையாளருக்கே தலையிடி.

இந்தச் சாதாளைப் படுகைதான் எல்லாவற்றுக்கும் அடி. ஓரா மீன் அதை மேய்கிறது. இறால் குஞ்சுகளும் நீல நண்டின் குஞ்சுகளும் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. கடற்பசு அதை மட்டுமே நம்பி உயிர்வாழ்கிறது; இலங்கையில் கடற்பசுவைப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்றாலும் வலையில் சிக்கிச் சாவது நின்றபாடில்லை. பெருக்கு நேரத்தில் மடவைக் கூட்டங்கள் கண்ணா வேர்களுக்குள் ஏறும். கொடுவாவும் சிறு பாரையும் அவற்றின் பின்னால் வரும். நீர் வடியத் தொடங்கியதும் எல்லாம் ஓடைகளின் வாய்க்கு இறங்கும். இந்த ஏற்றமும் இறக்கமும்தான் தொழிலாளியின் நேர அட்டவணை. அது தினமும் ஐம்பது நிமிடம் அளவில் தள்ளிப்போகிறது.

அட்டவணையைக் குழப்புவது காற்று. இரண்டடி ஏற்றஇறக்கம் உள்ள கடலில் பலத்த காற்று நான்கைந்து மணித்தியாலம் ஒரே பக்கம் வீசினால் நிலாவின் கணக்கு பொய்த்துவிடும். வாடை வீசும் மாதங்களில் வடகரை கொந்தளிக்கும், தென்கரை படுத்திருக்கும். சோழகம் எழும்பினால் நிலைமை மாறும். இதனால்தான் மன்னார்த் தொழிலாளர் காலத்துக்குக் காலம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாறி வாடி போட்டு வாழப் பழகியிருக்கிறார்கள். பாக்குக் குடாவின் ஆழமற்ற நீரில் அலை உயரமாக எழும்பாது. ஆனால் குட்டையாக, நெருக்கமாக, விட்டுவிடாமல் அடிக்கும். சிறு படகுக்கு உயர்ந்த அலையைவிட இதுவே தொல்லை.

இந்த நீரில் ஓடிய பழைய படகு வள்ளம். ஒற்றை மரத்தைக் குடைந்த வள்ளங்கள் மலபார்க் கரையிலிருந்து கடல்வழியே இந்தப் பக்கத்துக்கு விற்பனைக்கு வந்திருக்கின்றன. சென்னை மாகாணத்தின் மீன்வளத்துறைத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹோர்னெல் இந்தியாவின் தென்கரைப் படகுகளை ஊர் ஊராகப் பார்த்து எழுதியவர். மன்னார் முத்துப் படுகைகளையும் ஆராய்ந்தவர். அவர் காலத்திலிருந்து வள்ளத்தின் வடிவம் பெரிதாக மாறவில்லை. அடித்தளம் தட்டையானது, ஆட்கள் ஏறினாலும் ஒரு சாண் ஆழம் போதும். ஆழமான ஓடையில் சவள் வலிப்பார்கள். மற்ற இடமெல்லாம் மரக்கோலை ஊன்றித் தாங்கிக்கொண்டு போவார்கள். தாங்குவது என்பது வெறும் தள்ளல் அல்ல. கோல் சேற்றில் எவ்வளவு இறங்குகிறது, இழுக்கும்போது எவ்வளவு பிடிக்கிறது என்பதிலிருந்தே கீழே மணலா, சேறா, சாதாளையா என்று கை அறிந்துகொள்ளும். நள்ளிரவில் வெளிச்சமில்லாமல் வலை கிடக்கும் இடத்துக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கோலே வழிகாட்டி.

பிறகு பைபர் வந்தது. காரைநகரில் 1960களின் கடைசியில் நோர்வே உதவியோடு எழுந்த சீநோர் நிறுவனம் வடக்கில் கண்ணாடியிழைப் படகு கட்டுவதற்கு வழி திறந்தது. பதினேழு, பதினெட்டு அடிப் படகும் பின்னால் மாட்டும் இயந்திரமும் இன்று மன்னார்க் கரையின் சாதாரணக் காட்சி. ஆனால் இயந்திரத்தின் விசிறி ஓட நீர் வேண்டும்; பரவைக்கடலில் அது சாதாளையை அறுத்துச் சேற்றைக் கிளப்பிவிடும். ஓடை வாயில் இயந்திரத்தைத் தூக்கிவைத்துக் கோலால் தாங்கிக் கரை சேரும் படகுகளை எந்த மாலையிலும் பார்க்கலாம். ஆகவே பைபர் வந்த பிறகும் மரக்கோல் போகவில்லை.

2022 ஓகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் ஏறியது. சிறு படகுகளின் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மீன் விலை அந்த வேகத்தில் ஏறவில்லை. பல கரைகளில் படகுகள் இழுத்து ஏற்றப்பட்டுக் கிடந்தன. அப்படி ஏற்றாமல் தொழில் செய்யக்கூடியவர்கள், சவளும் கோலும் போதும் என்ற தூரத்தில் வலை போட்டவர்களே. பரவைக்கடல் நெருக்கடிக்காலக் கடல் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

அந்தத் தொழிலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். பாக்குக் குடாக் கரையிலும் யாழ்ப்பாணக் களப்பிலும் உள்ள சிறகு வலையை எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலளவு நீரில் கம்புகளை வரிசையாக நட்டு, வலையைச் சுவர் போலக் கட்டிக்கொண்டே ஆழப் பக்கம் போவார்கள். அதுதான் சிறகு. அதன் முடிவில் உள்நோக்கி மடங்கிய வாயுள்ள ஓர் அறை. வடியும் நீரோடு இறங்கும் மீனும் இறாலும் சிறகில் முட்டும். வழி தேடி ஆழத்தை நோக்கி அதன் ஓரமாகவே நகரும். கடைசியில் அறைக்குள் போய்விடும். திரும்ப வழி தெரியாது. யாரும் அதைத் துரத்தவில்லை, இழுக்கவில்லை; மீனின் இயல்பையும் வற்றின் திசையையும் மட்டுமே நம்பிய பொறி. விடியலுக்கு முந்திய வற்றில் தொழிலாளி தனியாக வள்ளத்தைத் தாங்கிக்கொண்டு வந்து, கோலைச் சேற்றில் ஊன்றி வள்ளத்தை அதில் கட்டிவிட்டு இறங்குவார். காலைத் தூக்கி வைக்கமாட்டார். சேற்றை உரசிக்கொண்டே நகர்த்துவார். மிதித்தால் திருக்கை முள்ளால் அடிக்கும், உரசினால் விலகிப்போகும். அறைக்குள் அத்தாங்கை விட்டு அள்ளுவார். காரல், ஓரா, இறால், இடையிடையே ஊதிப்போன பேத்தை. பேத்தையை வெளியே எறிந்துவிட்டுத்தான் மற்றது கூடைக்குப் போகும். அதன் நஞ்சு ஆளைக் கொல்லும்.

இப்படியான வலைக்கு இடம்தான் முதல். நல்ல ஓடை வாயில் வலை நட்டவர் சம்பாதிப்பார், ஓரத்தில் நட்டவர் பார்த்துக்கொண்டிருப்பார். அதனால் பல ஊர்களில் கடற்றொழிலாளர் சங்கமோ ஊர்ப் பெரியவர்களோ இடங்களைப் பிரித்து, சுற்றுமுறையில் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. சண்டை இல்லாமல் இல்லை. ஆனாலும் இந்த நீரில் எந்த இடம் யாருடையது, எந்த ஓடை எல்லாருக்கும் பொது என்ற கணக்கு எழுதாமலே இருக்கிறது. அந்த எழுதாத கணக்கு பின்னால் முக்கியமாகும்.

நண்டு இன்னொரு கதை. நீல நண்டுக்கு அடியில் வலை விரித்து, சாயந்தரம் போட்டுக் காலையில் எடுப்பார்கள். வலையிலிருந்து நண்டைக் கழற்றுவதற்கு வலையை விரிப்பதைவிட இரட்டிப்பு நேரம் செல்லும். வீட்டிலுள்ள பெண்கள் கரையிலிருந்து அந்த வேலையைச் செய்வது வடக்கின் நண்டு ஊர்கள் எல்லாவற்றிலும் காணக்கூடியது. ஏற்றுமதிக் கம்பனிகளின் வாகனம் கரைக்கே வரும். களிநண்டின் பெருமை வேறு வகை. கொழும்பில் 2011இல் கிரிக்கெட் வீரர்கள் மகேல ஜயவர்தனவும் குமார் சங்கக்காரவும் பங்காளிகளாகத் தொடங்கிய மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் உணவகத்தில் ஒரு பெரிய களிநண்டின் விலை கடற்றொழிலாளி ஒருவரின் பல நாள் வருமானம். அந்த நண்டு நாட்டின் களப்புகளில் எங்கேயோ ஒரு கண்ணா வேரடியில், மரக்கோலோடு போன ஒருவரின் கூட்டில்தான் முதலில் ஏறியிருக்கும்.

இப்போது கயாக். வடதுருவ மக்கள் தோலும் மரச்சட்டமும் கொண்டு கட்டிய வேட்டைப் படகு அதன் மூலம். இன்று மீன்பிடிக்குப் பயன்படுவது, மேலே உட்கார்ந்து செல்லும் பிளாஸ்டிக் வகை. 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் டிம் நீமியர் என்பவர் அதற்கு வடிவம் கொடுத்தார். நீர் புகுந்தால் தானே வடிந்துவிடத் துளைகள் உண்டு. கவிழ்ந்தாலும் ஏறி உட்காரலாம். மூன்று முதல் நான்கு மீற்றர் நீளம், முப்பது கிலோ அளவு எடை, ஒரு சாணுக்குக் குறைவான ஆழத்தில் ஓடும். லூசியானா, டெக்சஸ் கரைச் சதுப்புகளில் இதைப் பயன்படுத்துபவர்கள் செய்வதை மன்னார் ஆள் ஒருவர் பார்த்தால் அவருக்குப் புதிதாக எதுவும் தெரியாது. பெருக்கோடு புல்லுக்குள் ஏறும் மீனைத் தேடுகிறார்கள். வற்றில் ஓடை வாயில் காத்திருக்கிறார்கள். ஒரு கோலைச் சேற்றில் ஊன்றி அதில் படகைக் கட்டிவிட்டு நிற்கிறார்கள். நீரில் நிழல் விழாமல், சத்தம் வராமல் மீனை அணுகுவதே அவர்கள் பெருமையாகச் சொல்லும் கலை. வலைக்குப் பதில் தூண்டில், வயிற்றுப்பாட்டுக்குப் பதில் பொழுதுபோக்கு. வித்தியாசம் அங்கேதான்.

அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது படகை அல்ல, அவர்கள் போட்ட விதிகளைத்தான் என்பது என் கட்சி. புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில் இயந்திர விசிறிகள் சாதாளைப் படுகையைக் கீறிக் கிழித்ததால், 2011இல் ஸ்நேக் பைட் என்ற ஆழமற்ற குடாவைக் கோல் வலயமாக அறிவித்தார்கள். அதற்குள் போனால் இயந்திரத்தைத் தூக்கிவைக்க வேண்டும். கோலோ துடுப்போ சிறு மின்மோட்டாரோ மட்டும்தான். டெக்சஸில் ரெட்பிஷ் குடாவில் 2006இலேயே விசிறியால் சாதாளையைப் பிடுங்குவது குற்றமானது. 2013இல் அது மாநிலம் முழுவதற்கும் வந்தது. விசிறி கிழித்த ஆமைப்புல் படுகை பழையபடி மூடப் பல ஆண்டுகள் ஆகும் என்பதே காரணம். அங்கே சட்டம் போட்டுத் திருப்பிக் கொண்டுவந்த மரக்கோல் மன்னாரில் இன்னும் தொழிலாளியின் கையிலேயே இருக்கிறது. நாம் அதை ஏழ்மையின் அடையாளமாக மட்டும் பார்க்கிறோம்.

படகாகக் கயாக் இங்கே எவ்வளவு உதவும்? நேர்மையாகச் சொன்னால், ஓரளவு. அதன் பெரிய நன்மை எடை. வற்றில் சேற்றில் மாட்டினால் வள்ளத்தை ஒருவரால் இழுக்க முடியாது. பெருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது கிலோப் படகை இழுத்துக்கொண்டு ஓடைக்கு வரலாம். பெண்கள் தனியாக இறக்கி ஏற்றலாம். பூநகரிக் கரைக்கு அப்பால் இரணைதீவு மக்கள் 2018 ஏப்ரலில் தாமே படகேறிப்போய்த் தங்கள் மண்ணில் கால்வைத்தபோது முன்னணியில் நின்ற பெண்களில் பலர் ஆழமற்ற நீரில் கடலட்டையும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நடந்து எட்ட முடியாத ஓடையைக் கடக்க ஒரு சிறு படகு பெரிய விசயம்.

குறைகள் அதைவிட நீளம். நனைந்த நண்டு வலையைக் குவிக்க இடமில்லை. நின்று வலை இழுத்தால் ஆடும். காலால் மிதித்து ஓட்டும் துடுப்பு வகை முழங்காலளவுச் சாதாளையில் சிக்கி நின்றுவிடும். மன்னாருக்குக் கைத்துடுப்புத்தான் சரி. இறக்குமதி வரியோடு வரும் விலையில் ஒரு நல்ல பழைய வள்ளம் வாங்கலாம். அதனால் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வடக்கில் உள்ள பைபர் பட்டறைகளில் அகலமாக, தட்டையாக, நின்று வேலை செய்யும்படி கட்டுவதுதான் வழி. அப்படிக் கட்டினால் அது கயாக் ஆகாது, இலகுவான வள்ளம்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். அக்கரையில் இராமேஸ்வரம் பக்கத்துச் சிறு தொழிலாளர் தெர்மாகோல் பலகைகளைக் கட்டித் தெப்பமாக்கி ஏறிப்போகிறார்கள். காசில்லாதவன் தானே கண்டுபிடித்த கயாக் அது. உடைந்து உடைந்து வெள்ளைத் துகளாகக் கடலெங்கும் பரவுகிறது என்பது அதன் பெருங்கேடு.

இனி நீரின் கேள்விக்கு வரலாம். பரவைக்கடல் ஒரே நேரத்தில் நாலு பக்கமும் சுருங்குகிறது.

கடல் பக்கத்திலிருந்து றோலர். 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் கோடு போட்டன. மீன் கோட்டை அறியவில்லை, அக்கரை இழுவைப்படகுகளும் அறிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அவை வரும் இரவுகளில் மன்னார்ச் சிறு தொழிலாளர் வலை அறுபடும் பயத்தில் கரைப் பக்கம் ஒதுங்குகிறார்கள். ஏற்கெனவே நெருக்கமான ஆழமற்ற நீரில் வலைகள் மேலும் நெருங்குகின்றன. ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தமிழ்நாட்டில் தடைக்காலம்; அந்த இரண்டு மாதம் இங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். எல்லாக் குற்றத்தையும் அக்கரைமேல் போட்டுவிட முடியாது. பேசாலையிலும் உள்ளூர் இழுவைமடிப் படகுகள் இருந்தன. 2017இல் நாடாளுமன்றம் இழுவைமடியைச் சட்டத்தால் தடைசெய்தது இரு பக்கத்துக்கும்தான். 2006இலேயே தடைசெய்யப்பட்ட தங்கூசி வலை இன்னும் கரைகளில் விரிகிறது. சிறு தொழிலாளியும் தான் நம்பியிருக்கும் படுகையைச் சில சமயம் தானே அழிக்கிறான்.

போர் வேறு விதமாகச் சுருக்கியது. 1990களிலிருந்து 2009 வரை தடை நேரம், பாஸ், இயந்திர வலு வரம்பு எல்லாம் சேர்ந்து தொழிலைக் கரைக்குள் முடக்கின. 1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எருக்கலம்பிட்டி, விடத்தல்தீவு போன்ற ஊர்களில் கரை பற்றிய நினைவும் உரிமையும் கூடவே அறுந்தன. விடத்தல்தீவைப் படையினர் 2008 ஜூலையில் கைப்பற்றியதோடு ஊரே இன்னொருமுறை இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தவர்கள், அந்தக் காலத்தில் அங்கே தங்கித் தொழில் செய்தவர்களோடு ஓடையையும் வலை நடும் இடத்தையும் மீண்டும் பேசித் தீர்க்க வேண்டியிருந்தது, இன்னும் பேசுகிறார்கள். எழுதாத கணக்கின் பலவீனம் இங்கேதான் தெரிகிறது. மனிதர் இல்லாமல் போனால் கணக்கும் போய்விடும்.

மூன்றாவது, வேலி. வடக்கின் ஆழமற்ற கடலில் கம்பு நட்டு வலை சுற்றி வளர்க்கப்படும் கடலட்டைப் பண்ணைகள் கடந்த சில ஆண்டுகளில் பெருகின. தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையான நக்டா அனுமதி கொடுக்கிறது, வெளிநாட்டுச் சந்தை விலை கொடுக்கிறது. பண்ணை வைத்தவர்களில் கடற்றொழிலாளரும் உண்டு, நல்ல வருமானம் கண்டவர்களும் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பண்ணைக்கு வேண்டிய நீரும் சிறகு வலைக்கு வேண்டிய நீரும் வள்ளம் தாங்கிப் போகும் ஓடையும் ஒன்றே. பூநகரிப் பக்கம் கௌதாரிமுனையில் எழுந்த எதிர்ப்பு அட்டைக்கு எதிரானது அல்ல. வழி அடைபட்டதற்கும், சீனத் தொடர்புள்ள கம்பனிக்கு ஊரைக் கேட்காமல் இடம் போனதற்கும்தான். கடலில் ஒரு ஏக்கர் வேலி அடைத்தால் போவதற்குச் சுற்றுப்பாதை இருக்கிறதே என்று அலுவலகத்தில் இருப்பவர் நினைக்கலாம். வற்றில் சுற்றுப்பாதை இல்லை. ஒரே ஒரு ஓடைதான்.

நான்காவது, பாதுகாப்பு என்ற பெயரில் வரும் எல்லைகளும் அந்த எல்லைகளை அழிக்கும் வர்த்தமானிகளும். தீவுப் பாலத்துக்கு வரும் ஏ14 வீதியின் இருபக்கமும் பரந்த வங்காலைச் சரணாலயம் 4,839 ஹெக்டேயர். 2010இல் ராம்சார் தளமானது. குளிர்காலத்தில் பூநாரையும் ஊசிவால் வாத்தும் பல்லாயிரமாக வந்திறங்கும் இடம். விடத்தல்தீவு இயற்கை ஒதுக்கம் 2016இல் அறிவிக்கப்பட்டது. 29,180 ஹெக்டேயர், பெரும்பகுதி ஆழமற்ற கடலும் கண்டலும். 2024 மே மாதம் அதிலிருந்து 168 ஹெக்டேயரை இறால் வளர்ப்பு முதலான நீருயிரினத் திட்டத்துக்காக நீக்கி வர்த்தமானி வெளிவந்தது. சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. புத்தளம், சிலாபம் கரைகளில் இதே ஆசை எப்படி முடிந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது: கண்டலை வெட்டிக் குளம் வெட்டினார்கள், 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது, கைவிடப்பட்ட உப்புக் குளங்கள் இன்றும் கிடக்கின்றன. 168 என்பது 29,180இல் ஒரு வீதம்கூட இல்லை என்று வாதிடுபவர்கள் அந்த 168 எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். கரையோடு ஒட்டிய கண்டலும் ஓடை வாயும் போனால் மிச்சக் கடலுக்குக் குஞ்சு எங்கிருந்து வரும்?

காற்றாலை, கனிமணல் பற்றித் தனியே எழுத வேண்டும். தீவின் தென்கரையில் 2020 முதல் சுழலும் தம்பபவனியின் முப்பது காற்றாலைகளும் அதன்பின் வந்த திட்டங்களும் 2025இல் மன்னார் நகரில் பெரிய போராட்டமாக வெடித்தன என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

இந்த நெருக்கத்துக்குள் உல்லாசப் பயணக் கயாக் வந்தால் என்ன ஆகும்? கண்ணாக் காட்டுக்குள் துடுப்புப் போட்டுப் பறவை பார்ப்பதற்கு விடத்தல்தீவைவிட நல்ல இடம் வடக்கில் இல்லை, யாராவது தொடங்குவார்கள். இயந்திரம் இல்லாததால் அது தீங்கற்றது என்று நினைப்பது தவறு. ஓசையில்லாமல் கிட்ட வரும் படகு பூநாரைக் கூட்டத்தை இயந்திரப் படகு அளவுக்கே கிளப்பிவிடும். மேய வேண்டிய நேரத்தில் பறவை பறந்து களைக்கும். ஒதுக்கத்துக்குள் போக வனசீவராசிகள் திணைக்கள அனுமதி வேண்டும். கடற்றொழில் படகுக்கு 1996ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும். கடற்படைக்கும் கணக்கு இருக்கும். கொழும்பிலிருந்து வரும் நிறுவனம் இந்தத் தாள்களை ஒரு வாரத்தில் சேர்த்துவிடும். விடத்தல்தீவுத் தொழிலாளி தன் வள்ளத்துக்கு அதே தாளுக்காக அலைவார். அந்த ஏற்றத்தாழ்வு சரியாகாமல் கயாக் வந்தால், அது பரவைக்கடலைச் சுருக்கும் ஐந்தாவது பக்கமாகிவிடும்.

தனியே போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னாரில் துடுப்புப் படகுக்குக் கெட்ட நேரம் வற்று அல்ல, வற்றோடு கரைக்காற்று சேரும் நேரம். நீரும் காற்றும் சேர்ந்து வெளியே தள்ளும். முழங்கால் ஆழம் என்று நினைத்த இடம் முடிந்ததும் திரும்பி வலிக்கக் கை போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடி பரந்த தட்டை நீரில் உயரமாகத் தெரியும் ஒரே பொருளைத் தேடும். அது நீங்கள் பிடித்திருக்கும் தூண்டில் தடி. திருக்கை குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்தால் வலி அடங்கும், முள் உடைந்திருந்தால் ஆஸ்பத்திரிதான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னாரையும் அடித்தது; இரண்டடி ஏற்றஇறக்கக் கடல் ஒரே இரவில் ஊருக்குள் ஏறும் என்பதை அந்தக் கரை கண்டிருக்கிறது.

செய்யக்கூடியது என்று பார்த்தால் ஒன்று மிக மலிவானது: வரைபடம். எந்த ஓடை வற்றிலும் வள்ளம் விடும், எந்த இடங்கள் சிறகு வலைக்கு, எங்கே நண்டு வலை, எங்கே பெண்கள் நடந்து போகிறார்கள் என்பதை ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் ஆட்களோடு உட்கார்ந்து வரைந்து, பிரதேச செயலகத்திலும் கடற்றொழில் திணைக்களத்திலும் வனசீவராசிகள் திணைக்களத்திலும் ஒரே படமாகப் பதிந்துவிட வேண்டும். அதன்பிறகு பண்ணைக்கு அனுமதி கேட்பவரும் கயாக் விட வருகிறவரும் அந்தப் படத்தின்மேல்தான் தங்கள் கோட்டைப் போட முடியும். அதிலேயே ஒரு பகுதியை, இரண்டு மூன்று ஓடைகள் அளவில், கோலும் துடுப்பும் மட்டும் போகும் வலயமாகச் சோதனைக்கு எடுக்கலாம். இயந்திரப் படகுகள் உள்ளே வந்தால் விசிறியைத் தூக்கிக்கொண்டு கடந்துபோகலாம், வலை போடக்கூடாது. விடத்தல்தீவும் தேவன்பிட்டியும் இதற்கு ஏற்ற ஊர்கள் என்பது என் எண்ணம். அங்கே சாதாளையும் கண்டலும் ஒட்டிக் கிடக்கின்றன, ஒதுக்கத்தின் எல்லை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது, கோல் பிடிக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். எல்லைக் கம்பு நட ஒதுக்கத்துக்குள் கண்ணா வெட்ட முடியாது. பிளாஸ்டிக் குழாய்தான் நட வேண்டும். அந்தக் குழாய்க்கான செலவை எந்தத் திணைக்களம் ஏற்கும் என்பதை முதல் கூட்டத்திலேயே கேட்டு எழுதிவைப்பது நல்லது.